பறவைக்கு பிரிட்ஜ் கேமரா: லென்ஸ் விளிம்பில் எழுதியிருக்கும் இரண்டு எண்கள்

பறவைப் படம் எடுக்க ஒரு பிரிட்ஜ் கேமரா, அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமரா வேண்டும் என்று கடையில் சொன்னால் முதலில் காதில் விழுவது ஒரு எண்தான். "சார், இது 65 எக்ஸ். அது 83 எக்ஸ், அதுல நிலாவே தெரியும்." நிலா நன்றாகவே தெரியும், அதில் பொய்யில்லை. ஆனால் நிலா என்பது நேர் வெயில் படும் பாறை, கேமராவைப் பொறுத்தவரை அது பட்டப்பகல் காட்சி, அதோடு ஓரிடத்தில் நிற்கும். காலை ஆறரை மணிக்குக் கருவேல மரத்தின் உள்கிளையில் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வக்காவைப் படம் எடுப்பது முற்றிலும் வேறு வேலை. நிலா விழுந்ததே, வக்காவும் விழும் என்று நம்பி வாங்கி, ஒரே சீசனில் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேரில் தப்பில்லை, பார்க்க வேண்டிய எண்ணை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

முதலில் இந்த எக்ஸ் என்ன என்று பார்ப்போம். லென்ஸின் அகலமான முனைக்கும் நீளமான முனைக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். நிக்கான் பி950 24 மில்லிமீட்டரில் தொடங்கி 2000 வரை போகிறது, அதனால் 83 எக்ஸ். கேனன் எஸ்எக்ஸ்70 21-ல் தொடங்கி 1365 வரை, 65 எக்ஸ். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, 24 முதல் 600 வரை, வெறும் 25 எக்ஸ். தொடக்கத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினாலே எக்ஸ் ஏறிவிடும், பறவை ஒரு அங்குலம்கூடக் கிட்டே வராது. 24, 2000 என்று சொல்லும் மில்லிமீட்டரும் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் (ஃபோகல் லெங்த்) இல்லை, பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. எவ்வளவு குறுகலான காட்சி கிடைக்கும் என்பதை அது சரியாகச் சொல்லும். அந்தக் காட்சிக்குள் எவ்வளவு விவரம் இருக்கும் என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்வது லென்ஸின் முன்வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் லென்ஸை உங்கள் பக்கம் திருப்பி அதைப் படியுங்கள். பி950-ல் "4.3-357மிமீ 1:2.8-6.5" என்று இருக்கும். இதில் 357 என்பதுதான் முழு ஜூமில் லென்ஸின் நிஜ குவியத்தூரம், 6.5 என்பது அப்போது அதன் எஃப் எண், அதாவது அந்தக் குவியத்தூரம் வெளிச்ச வாசலைப் போல எத்தனை மடங்கு என்பது. 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55. முழு ஜூமில் வெளிச்சம் உள்ளே வரும் வாசலின் விட்டம் 55 மில்லிமீட்டர் என்று அர்த்தம்.

பைனாகுலர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. 8x42 என்று சொல்கிறோமே, அதில் எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம். 8x25 பாக்கெட் பைனாகுலரிலும் பறவை அதே எட்டு மடங்குதான் தெரியும், ஆனால் அந்தி நேரத்தில் 42 காட்டும் பறவையை 25 காட்டாது. பைனாகுலர் வாங்கும்போது இரண்டாவது எண்ணைத் தவறாமல் பார்க்கிற ஆட்கள் கேமரா வாங்கும்போது மட்டும் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறோம். ஒரே தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே பறவையிடமிருந்து எவ்வளவு வெளிச்சம் கேமராவுக்குள் போகும், அதன் இறகில் எவ்வளவு நுணுக்கமான கோடு வரை பிரிந்து தெரியும், இரண்டையும் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த வாசலின் அகலம்தான்.

இந்தக் கணக்கை மற்றதற்கும் போட்டுப் பாருங்கள். எஸ்எக்ஸ்70-ல் 247-ஐ 6.5-ஆல் வகுத்தால் 38. பானசோனிக் எஃப்இசட்82-ல் 215 வகுத்தல் 5.9, அதாவது 36. நிக்கான் பி1000-ல் 539 வகுத்தல் 8, 67. இப்போது அந்த 25 எக்ஸ் சோனிக்கு வாருங்கள். அதன் நிஜ குவியத்தூரம் 220, எஃப் எண் 4, வகுத்தால் 55. பி950-ன் அதே 55!

25 எக்ஸும் 83 எக்ஸும் ஒரே அளவு வாசல் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது திரும்பவும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், ஆனால் சரிதான். அப்புறம் எங்கே வித்தியாசம் என்றால் லென்ஸுக்குப் பின்னால் காட்சியைப் பதிவு செய்யும் சென்சாரில். நிக்கான், கேனன், எஃப்இசட்82 எல்லாவற்றிலும் இருக்கும் சிறிய சென்சார் சுமார் 6.2 x 4.6 மில்லிமீட்டர், சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. சோனியில் இருப்பது ஒரு இன்ச் சென்சார் என்று சொல்லப்படுவது, 13.2 x 8.8 மில்லிமீட்டர், பரப்பில் நாலு மடங்கு. சின்ன சென்சார் காட்சியின் நடுத்துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அதனால் பறவை படத்தின் சட்டம் (ஃபிரேம்) நிறைய வந்து நிற்கிறது. பெரிய சென்சாரில் பறவை சின்னதாக விழும், வீட்டுக்கு வந்து வெட்டிப் பெரிதாக்க வேண்டும்.

ஒரு மீன்கொத்தியை வைத்தே பார்த்துவிடலாம். நம் ஊர் வெண்தொண்டை மீன்கொத்தி அலகிலிருந்து வால்வரை 28 செ.மீ. இருக்கும். அது 30 மீட்டர் தள்ளி ஒரு கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. 2000 மில்லிமீட்டரில் அந்தத் தூரத்தில் உங்கள் சட்டத்தின் அகலம் 54 செ.மீ., பக்கவாட்டில் நின்றால் பறவை சட்டத்தில் பாதியை நிரப்பிவிடும். 600-ல் சட்டம் 1.8 மீட்டர் அகலம், பறவை ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. பிக்சல் கணக்கில் பி950-ல் அலகு முதல் வால்வரை 2,400 சொச்சம், சோனியில் 850. கேட்டால் மூன்று மடங்கு வித்தியாசம் போலத் தோன்றும், ஆனால் படத்தில் மூன்று மடங்கு விவரம் வராது. எஃப் எண் ஏற ஏற, ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் புள்ளியாக விழாமல் சின்ன வட்டமாகப் பரவும், இது ஒளியின் இயல்பு, எந்தக் கம்பெனியும் தாண்ட முடியாது. பி1000-ஐ முழு ஜூமில், எஃப் 8-ல் வைத்தால் அந்த வட்டம் ஏறக்குறைய எட்டு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. பெட்டியின் மேல் 16 மெகாபிக்சல் என்று போட்டிருப்பது அந்த நேரத்தில் பெயரளவுக்குத்தான். அசையாத, தூரத்துப் பறவைக்குப் பி950 சோனியைவிடக் கொஞ்சம் முன்னால் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெட்ட வேண்டிய வேலையும் இல்லை, எடுக்கும்போதே பறவையின் கண்ணைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம், அந்தச் சந்தோஷம் தனி.

இதே காரணத்தால்தான் பி950-க்கும் பி1000-க்கும் இடையில் யோசிப்பவர்களிடம் நான் பி950 என்றே சொல்கிறேன். பி950-ன் 2000-க்கு பி1000-ன் 3000 ஒன்றரை மடங்கு, ஆனால் வாசல் 55-லிருந்து 67-க்குத்தான் போகிறது, நுணுக்கம் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கு கூடலாம். அதற்காக 1,005 கிராமுக்குப் பதில் 1,415 கிராம் தூக்க வேண்டும். முழுசாக நீட்டிய அந்தக் குழல் கடற்கரைக் காற்றில் ஆடும், கையில் பிடித்து ஒரு உள்ளானைச் சட்டத்துக்குள் நிறுத்தி வைப்பதே பெரும்பாடு. 2025-ல் வந்த பி1100-ம் அதே லென்ஸ்தான். நிலா, வியாழனின் துணைக்கோள்கள், கடலில் போகும் கப்பல் என்று பல ஆசை இருந்து, முக்காலியும் தூக்கிக்கொண்டு வரத் தயார் என்றால் அதை வாங்குங்கள்.

2015-ல் வந்த பழைய பி900 இன்றும் பழைய கேமரா விற்பவர்களிடம் கிடைக்கிறது. லென்ஸ் எண்கள் பி950 போலவேதான், 83 எக்ஸ், 55 மில்லிமீட்டர் வாசல். ஆனால் ரா கோப்பு (கேமரா கை வைக்காத மூலப் பதிவு) கிடையாது, கேமராவே சரிசெய்து சுருக்கித் தரும் ஜேபெக் மட்டும். வெளிச்சம் குறைந்து ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) 800-க்கு ஏறும்போது படத்தில் வரும் பொடிப் புள்ளிகளை அழிக்கிறேன் என்று கேமராவே மயிர்க்கோடுகளையும் சேர்த்துத் தேய்த்துவிடும், மைனாவின் கழுத்து ஈரத் துணி மாதிரி இருக்கும். நல்ல வெயிலில் எடுப்பவருக்கு இது பெரிய குறையில்லை. இன்னொரு சின்ன விஷயம், பி900-ன் தலையில் ஹாட் ஷூ (ஃபிளாஷ் போன்றவற்றை மாட்டும் இடம்) இல்லை, பி950-ல் உண்டு. அது எதற்கு உதவும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

சரி, இவ்வளவு கணக்கும் பார்த்து வாங்கியாயிற்று. பள்ளிக்கரணையில் ரேடியல் ரோடு ஓரமாக நின்று, 150 மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையை எடுக்கிறீர்கள், நேரம் காலை பத்தரை. படம் தண்ணீருக்கடியில் இருந்து எடுத்தது போல நெளிந்திருக்கும். புதிதாக வாங்கியவர்கள் பலர் லென்ஸில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவது இதனால்தான். கோளாறு கேமராவில் இல்லை, காற்றில். வெயில் ஏறியதும் சேறும் தார் ரோடும் சூடாகி, மேலே இருக்கும் காற்று சூடும் குளிர்ச்சியுமாக அடுக்கடுக்காக அசைகிறது. நாம் ரோட்டில் பார்க்கும் கானல்தான். வெறும் கண்ணுக்குத் தெரியாத கானலும் 2000 மில்லிமீட்டரில் அத்தனையும் தெரியும். வாசல் எவ்வளவு பெரிதானாலும், லட்ச ரூபாய் லென்ஸானாலும் இதற்கு மருந்து கிடையாது. மார்கழிக் காலையில் தண்ணீர் கதகதப்பாகவும் மேல்காற்று குளிர்ந்தும் இருக்கும்போது விடியற்காலையிலேயேகூட இது வரும். காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுத்தால் உள்காற்றும் வெளிக்காற்றும் கலக்கும் இடத்திலேயே படம் கெட்டுவிடும், ஏசியை அணைத்து ஐந்து நிமிஷம் பொறுத்து எடுங்கள். என் அனுபவத்தில் 50 மீட்டருக்கு உள்ளேதான் இறகு இறகாகப் படம் வரும், அதற்கு அப்பால் எடுப்பது என்ன பறவை என்று தெரிந்துகொள்ள.

அந்தத் தெரிந்துகொள்வதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இந்தக் கேமராக்களின் உண்மையான பலமே அங்கேதான் என்பது என் எண்ணம். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஏரிக்கரையில் நிற்கிறீர்கள், எதிர்ச் சேற்றில் பத்துப் பதினைந்து உள்ளான்கள். பொரி உள்ளானா, நாட்டு உள்ளானா, பச்சைக்காலியா? பைனாகுலரில் பார்த்து முடிவு செய்வதற்குள் எழுந்து பறந்துவிடும். அடையாளத்துக்கு ஒரு ரெக்கார்ட் ஷாட் இருந்தால் வீட்டுக்கு வந்து கால் நிறம், புருவக்கோடு, அலகின் வளைவு எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம், தெரிந்தவரிடம் காட்டிக் கேட்கலாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளைப் பிடித்து வளையம் மாட்டி விடுகிறது. சில உள்ளான்களின் காலில் எழுத்து பொறித்த பட்டை இருக்கும். அந்த எழுத்து படிக்கிற அளவுக்குப் படம் கிடைத்துவிட்டால், அந்தப் பறவை எங்கே எப்போது பட்டை மாட்டப்பட்டது என்பது வரை தேடிப் போகலாம். அந்தப் படத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டப் போவதில்லை, ஆனால் நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்தவை சில அந்த வகைதான்.

தூர நின்று எடுப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கூடு கட்டியிருக்கும் பறவையிடம் கிட்டே போகவே வேண்டியதில்லை. வேடந்தாங்கலில் ஏரிக்கரையிலிருந்தே நத்தைகுத்தி நாரை குஞ்சுக்கு ஊட்டுவதைச் சட்டம் நிறைய எடுக்கலாம், அது நம்மைத் திரும்பிப் பார்க்காது. இதற்கு நேர்மாறாகத் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் கூடு கட்டுகின்றன. அங்கே 2000 மில்லிமீட்டரை நீட்டினால் அலகு மட்டும்தான் சட்டத்துக்குள் வரும். அதனால் கேமரா வாங்கும் முன் நீங்கள் வாரா வாரம் போகப் போகும் இடம் எது, அங்கே பறவை எத்தனை மீட்டர் தள்ளி உட்காரும் என்பதைக் காலால் அளந்துவிட்டு வாருங்கள். வீட்டுத் தோட்டத்துத் தேன்சிட்டுதான் உங்கள் பறவை என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முழு ஜூமில் பி950 ஐந்து மீட்டருக்கு உள்ளே இருப்பதை ஃபோகஸ் செய்யாது, பி1000 ஏழு மீட்டர். மூன்று மீட்டரில் செம்பருத்தியில் தொங்கும் சிட்டுக்கு ஜூமைக் குறைத்தே ஆக வேண்டும்.

அப்புறம், பறவையைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது. 2000 மில்லிமீட்டரில் நீங்கள் பார்ப்பது ஒரு டிகிரி அகலம், கையை முழுசாக நீட்டிப் பிடித்தால் சுண்டு விரல் மறைக்கிற அளவு. இலை நிறைந்த மரத்தில் அந்த ஓட்டை வழியாகக் குக்குறுவானைத் தேடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பி950-ல் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பட்டன் உண்டு, அழுத்தியிருக்கும்வரை காட்சி அகலமாகும், விட்டதும் பழைய ஜூமுக்கே திரும்பும். கேனனிலும் இதே போல ஒன்று உண்டு. வாங்கின முதல் வாரம் முழுக்க அந்த ஒரு பட்டனை மட்டும் பழகுங்கள், விரல் தானாக அங்கே போக வேண்டும். ஹாட் ஷூ இருந்தால் மேலே சிவப்புப் புள்ளி சைட் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். இரண்டு கண்ணையும் திறந்து புள்ளியைப் பறவை மேல் வைத்தால் அது சட்டத்துக்குள் வந்துவிடும், பறக்கும் பருந்துக்கு இது பெரிய உதவி.

பறக்கும் பறவை என்று வந்துவிட்டால் நிக்கானும் கேனனும் திணறும், இதை ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றின் ஃபோகஸ் முறை லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டி எங்கே தெளிவு அதிகம் என்று தேடிப் பிடிப்பது. தேடி முடிப்பதற்குள் பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக் கிளைக்கே திரும்பிவிடும். பி950 நொடிக்கு ஏழு படம் எடுக்கும், ஆனால் பத்துப் படத்தோடு நின்று மூச்சு வாங்கும். 2017-ல் வந்த ஆர்எக்ஸ்10 மார்க் 4-ல் ஃபோகஸ் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை சென்சாரே சொல்லிவிடும், நொடிக்கு 24 படம், 249 படம் வரை நிற்காது. தகைவிலானும் ஆலாவும் எடுக்க வேண்டும் என்பவருக்கு பிரிட்ஜ் கேமராவில் நான் கைகாட்டுவது இது ஒன்றைத்தான். விலை லட்சத்தைத் தாண்டும் என்பதுதான் பிரச்சினை. சின்ன சென்சார் கேமராவே கையில் இருந்தால் மனசைத் தளரவிட வேண்டாம், வட்டமிடும் செம்பருந்து, நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, இவை சிக்கும். மீன்கொத்தி நிற்கும் தூரத்திலேயே இருக்கும் ஒரு முளைக்குச்சியில் முதலிலேயே ஃபோகஸ் வைத்துக்கொண்டால் கேமரா தேட வேண்டிய தூரம் குறையும்.

இந்த விலைக்கு வந்துவிட்டவர்கள் இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். கேனன் ஆர்10 மாதிரி, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா உடம்போடு 100-400 எஃப் 5.6-8 லென்ஸைச் சேர்த்தால் வாசல் 400 வகுத்தல் 8, அதாவது 50. ஏறக்குறைய பி950 அளவுதான். எடை இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ சொச்சம், அதுவும் பி950 அளவுதான். ஆனால் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் ஃபோகஸ் கிடைக்கிறது, பின்னாளில் லென்ஸை மாற்றவும் வழி இருக்கிறது. 150-600 எஃப் 6.3 லென்ஸ் போனால் வாசல் 95, அங்கே விவரம் வேறு உலகம், லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. ஆனால் ஒரே உடம்பில் காலையில் தூரத்து நாரையையும், வழியில் ஏரியின் முழுக் காட்சியையும், காலடியில் கிடக்கும் நண்டையும் லென்ஸ் மாற்றாமல் எடுப்பது பிரிட்ஜ் கேமராவால்தான் முடியும். முதுகுவலி உள்ளவர்கள், பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறவர்கள், மாணவர்கள், இவர்களுக்கு அதன் அருமை தெரியும். 610 கிராம் எஸ்எக்ஸ்70-ஐ நான் சிலருக்குச் சிபாரிசு செய்வதும் இதற்காகத்தான். வாசல் 38 என்பது குறைவுதான், ஆனால் கழுத்தில் தொங்குவதே தெரியாத கேமராவை அவர்கள் தினமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

வாங்கிய பிறகு இரண்டு பழக்கம். வெள்ளைக் கொக்கைக் கறுத்த தண்ணீரில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப்போ ஒன்றோ குறைத்துவிடுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), சின்ன சென்சாரில் வெள்ளை ஒரு தடவை வெந்துபோனால் இறகின் கோடு எந்த மென்பொருளிலும் திரும்ப வராது. இரண்டாவது, இந்த லென்ஸ்கள் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு கடற்கரை மணலும் தூசியும் போகும். பழவேற்காடு, கோடியக்கரை போய் வந்தால் குழலை நீட்டிவைத்துத் துடைத்த பிறகே அணையுங்கள். சென்னை ஈரப்பதத்துக்குக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், லென்ஸுக்குள் பூஞ்சை வந்தால் இவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்வது லேசுப்பட்ட வேலையில்லை.

கடைக்குப் போகும் நாள் உங்கள் மெமரி கார்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கடை வாசலுக்கு வந்து, எதிர்க் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காகத்தை முழு ஜூமில் பத்துப் படம், பாதி ஜூமில் பத்துப் படம், சாய்ந்துகொள்ளாமல் வெறும் கையில் எடுங்கள். காகம் கறுப்பு, பின்னால் வெளுத்த வானம், கேமராவுக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் கிடையாது. அன்றே வாங்காமல் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் முழு அளவில் திறந்து, கழுத்துச் சாம்பலும் தலைக் கறுப்பும் சேரும் இடத்தில் இறகு தனித்தனியாகத் தெரிகிறதா, பத்தில் எத்தனை படத்தில் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.